நாற்காலிச் சூடு

நாலு. இல்லை, நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம்தான் வரும், எண்ணவே கூடாது என்று காலையில் முகம் கழுவும்போதே சொல்லிக்கொண்டேனே. ஆனால் கால் எண்ணுகிறது. பதினாலாம் நாற்காலிக்கு இன்று நாலு முறை நடந்த கால், அது பாட்டுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. பாவம், அந்த நாற்காலிக்காரிதான் என்ன செய்வாள்? உள்ளே இருப்பது மணி பார்த்தா முட்டும்?

மனசுக்குள் இப்படிப் பேசிக்கொண்டே அவள் பதினாலாம் நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொண்டாள். உடம்பில் ஊறும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க, அந்தக் கூடத்தில் எல்லாருடைய இடது கையும் ஒரு சுருள் கம்பியால் மேசையோடு கட்டப்பட்டிருக்கும். இருபத்திரண்டு நொடிக்கு ஒரு போர்டு. பதினாலாம் இடத்தில் ஐந்து ஸ்க்ரூ. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூ. காந்த முனையால் எடுத்து, குழியில் வைத்து, அழுத்த வேண்டும். மூன்றாவது ஸ்க்ரூ எப்போதும் சண்டி. கொஞ்சம் சாய்த்து வைத்தால்தான் இறங்கும்.

அவளுக்கு அந்த வரிசையில் சொந்தமாக நாற்காலி கிடையாது. முப்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து கைப்பேசிக்கு உள்ளே போகிற பலகையைக் கோக்கிறார்கள். நடுவில் ஓடும் பெல்ட் நிற்காது. ஒருத்தி எழுந்தால் அந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாக வேண்டும். அந்த இன்னொருத்தி இவள். கழிப்பறைக்குப் போகிறவளின் இடத்தில் போய் உட்கார்ந்து, அவள் வரும்வரை அவளாக இருந்துவிட்டு, எழுந்து அடுத்த இடத்துக்குப் போவது. மாத்திவிடுகிறவள் என்பதால் மாத்தக்கா. வயதில் பெரியவர்கள் மாத்து என்று சுருக்கிவிட்டார்கள்.

கூடத்துக்குள் பேச்சு கூடாது. அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். விரல் நுனியில் போடும் ரப்பர் உறை ஒன்றைக் கழற்றித் தட்டின் மூலையில் நிமிர்த்தி வைத்தால், போக வேண்டும் என்று அர்த்தம். படுக்க வைத்தால், அவசரமில்லை, பிறகு வா. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஓடி வா தாயே.

எட்டு வருஷமாக முப்பத்திரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்ததில், அந்தப் பெண்களைப் பற்றி அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததெல்லாம் அவளுக்குத் தெரியும். பதினொன்றாம் நம்பர் இடதுகைக்காரி, எல்லாவற்றையும் மாற்றிப் போட்டு வைத்திருப்பாள். இருபதாம் நம்பர் காலுக்குக் கீழே மடித்த அட்டை வைத்திருப்பாள், குதிகால் வலி. ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரும்போது அதற்குரியவளின் சூடு தொடையில் ஏறும். முதல் வருஷம் அது கூச்சமாக இருந்தது. இப்போது, இன்னொருத்தி விட்டுப்போன சூட்டில் உட்காருவதைவிட நெருக்கமான உறவு உலகத்தில் இருக்கிறதா என்று சில சமயம் யோசிப்பாள். அம்மா மடிக்குப் பிறகு.

தோளில் இரண்டு தட்டு. பதினாலாம் நம்பர் வந்துவிட்டாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கிச் சிரித்தது. எழுந்து இடம் விட்டாள். பதினாலாம் நம்பர் வேறு யாருமில்லை, அவள் நாத்தனார்தான். புருஷனின் தங்கை. ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு.

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடம் கண்ணாடி அறையிலிருந்து கையசைத்தார்.

மேடம் என்றால் அந்த மாடி முழுவதுக்கும் பொறுப்பானவர். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மேடம் இல்லை, இந்த வரிசையின் லீடர் மட்டும்தான். அப்போது இவள் இருபதாம் இடத்தில் சூட்டுக்கோல் பிடித்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். யாராவது கை தூக்கினால், "டீ நேரம் வரட்டும்" என்ற காலம். போக முடியாது என்பதால் குடிப்பதை விட்டாள். ஒரு நாள் முதுகில் இடி இறங்கியது. குளிர் ஜுரம். பலகையில் ஈயம் சொட்டச் சொட்ட அப்படியே சரிந்தாள். விழுந்தபோதும் மணிக்கட்டுப் பட்டை அறுந்துபோகவில்லை. கம்பி இழுபட்டு மேசையில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. எல்லாரும் சங்கைத்தான் பார்த்தார்கள். லீடர் மட்டும் ஓடி வந்து, பட்டையைக் கழற்றி, அவளைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிறுநீரகத்தில் சீழ் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் லீடர் மேலே போய், "வரிசைக்கு ஒரு ஆள் கூடக் கொடுங்க. இல்லன்னா என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று நின்றார். அப்படி வந்ததுதான் இந்த நாற்காலி இல்லாத வேலை. பிழைத்து வந்தவளையே அதில் முதல் ஆளாகப் போட்டார். அன்றிலிருந்து மேடம் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு அது கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய வார்த்தை.

"உக்காரு மாத்து."

"இருக்கட்டும் மேடம்."

"உக்காருன்னா உக்காரு. நாள் பூரா அடுத்தவ நாற்காலியிலதானே உக்கார்றே, இது என் நாற்காலி. கடிக்காது."

உட்கார்ந்தாள். மேடம் மேசைமேல் ஒரு நீல நோட்டை வைத்தார். தூசி உதிர்க்காத தாளில் செய்தது. அதைத் தவிர வேறு காகிதம் கூடத்துக்குள் வரக்கூடாது.

"மேல புது ஆள் வந்திருக்காரு, தெரியும்ல? ஒவ்வொரு வரிசையையும் பாத்துட்டு, சீட்டே இல்லாம ஒரு பொம்பளை சுத்துறாளே, இது எதுக்குன்னு கேக்குறாரு. நான் சொன்னேன். வாயால சொன்னா ஏறுமா? எழுத்துல காட்டுங்கிறாரு. அடுத்த மாசம் நம்மகிட்ட வாங்குற கம்பெனிக்காரங்க வேற வர்றாங்க, ஆளுங்களை நல்லா வெச்சிருக்கோமான்னு பாக்க. அவங்களுக்கும் காகிதம்தான் வேணும்."

"என்ன எழுதணும் மேடம்?"

"யார் போறா, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். ரெண்டு வாரம் போதும். எல்லாரும் ஒழுங்காத்தான் போறாங்க, ஒண்ணு ரெண்டு பேருதான் அதிகம்னு காட்டிட்டா உன் வேலையை நான் காப்பாத்திடுவேன். அந்த ஒண்ணு ரெண்டு பேரை வேற இடத்துக்கு மாத்திக்கலாம்."

வேற இடம் என்பது வாசல் கேட்டுக்கு வெளியே என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் இடத்தில் ஆளை அனுப்பக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

"உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதி வெச்சிருக்கேன்" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "இதை முடிச்சுக் கொடு, நான் பேசிடறேன். உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அது பொய்யில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் கஷ்டம். கெட்டவர் கேட்டால் மறுத்துவிடலாம். உயிரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவர் கேட்கும்போது எந்த வாயால் மறுப்பது? நோட்டை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நல்ல மழை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னல் இடுக்கில் தண்ணீர் வராமல் இருக்கப் பழைய துணியைச் சுருட்டி வைத்தாள். நாத்தனார் இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தாள். அடுப்பில் சோறு கொதித்தது. முட்டையை உடைத்து வெங்காயத்தோடு கிளறும் வாசனை வந்ததுமே படுத்திருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணி, அந்த ஜன்னலைத் தொறங்களேன்."

"மழை அடிக்குதுடி."

"நான் நனைஞ்சாலும் பரவாயில்ல. உங்க முட்டைகிட்டயிருந்து என்னைக் காப்பாத்துங்க."

நாத்தனாருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு தடவை கரு வந்து தங்காமல் போனது. இது மூன்றாவது. பதினோரு வாரம். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை போன் வரும். இந்த வீட்டு மூன்று பேரையும் அவனையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தவளுக்கு ஒப்பந்தம் புதுப்பித்ததாகச் சரித்திரமே இல்லை. புதுப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

ஆலை வேன் ஓட்டுகிற புருஷன் நனைந்த தலையோடு வந்தான். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் நோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"இதுல என்ன இருக்கு?" என்றான் புருஷன். "எழுது. தங்கச்சி பேருக்கு மட்டும் குறைச்சு எழுது. உன் கை, உன் பேனா."

"மேல கேமரா இருக்குங்க. ஒரு நாள் ஒத்துப் பாத்தாங்கன்னா?"

"கேமராவுக்கு வேற வேலை இல்லியா? எவ எவ எந்திரிச்சுப் போறான்னு பாத்துக்கிட்டு இருக்குமா?"

"அதைப் பாக்கத்தானே என்னைக் கேக்குறாங்க."

அவன் சோற்றைப் பிசைந்தான். "உனக்கு நிரந்தரம் ஆனா நல்லதுதான். எனக்கு ஆசை இல்லன்னு சொல்லல. ஆனா நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிரந்தரமா உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியாது. அதையும் சொல்லிட்டேன்."

"நானே நின்னுடறேன் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"வாயைக் கழுவு."

"நெசமாத்தான். உங்களுக்கு அந்த மேடம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? என்னால நீங்க அவங்ககிட்ட..."

"நீ நின்னுட்டு என்ன பண்ணுவே? ஸ்கேன் யாரு எடுப்பா, மருந்து யாரு வாங்குவா? அந்த ஆலை அட்டை இருக்கறவரைக்கும்தான் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பக்கத்துல டாக்டர் இருக்கணும்டி."

சொல்லும்போதே அவளுக்குப் பழைய ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மேடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இரண்டு நாள். அதற்குப் பிறகு வீட்டில் மூன்று வாரம், அவளால் எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே போனதையெல்லாம் அள்ளியது யார்? இருபது வயதுப் பெண். மூக்கைச் சுளிக்காமல், "அண்ணி, உங்களுக்கு நான் மாமியார் மாதிரி வேலை வாங்குறேன் பாருங்க" என்று கேலி பேசிக்கொண்டே துணி அலசியவள். நன்றி என்று வந்தால் யாருக்கு முதலில்? ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துவிடுமா? அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை பேருக்குக் கடமைப்பட்டிருக்கிறோமே என்பது பாரமாக இல்லாமல், ஏதோ சொத்துப் போல இருந்தது மட்டும் நிஜம்.

மறுநாள் காலை பத்து மணி வரை ஒரு தட்டின் மூலையிலும் விரலுறை எழவில்லை. கோட்டுப் பைக்குள் இருந்த நீல நோட்டின் விளிம்பு எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். யாரும் நிமிரவில்லை. எட்டு வருஷத்தில் முதல்முறையாக வரிசையில் ஒரு அந்நியப் பெண்ணைப் போல உணர்ந்தாள். கடைசியில் நாத்தனாரின் தட்டில்தான் ஒன்று நிமிர்ந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஆறாம் நம்பர் தன் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். வேலை நேரத்தில் முகக்கவசத்துக்குள் முணுமுணுவென்று பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் ரேடியோ என்று பெயர். பின்னாலேயே பதினொன்று, இருபது, இன்னும் நாலைந்து பேர்.

"என்ன மாத்து, கணக்குப்பிள்ளை ஆயிட்டியாமே? நாங்க எதை எவ்வளவு விட்டோம்னு அளந்து எழுதுவியா, இல்ல எண்ணிக்கை மட்டும்தானா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பில் முள் இருந்தது. அவள் மறைக்கவில்லை. மேடம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுதாவிட்டால் மாத்து வேலையே போய்விடும் என்பதையும், எழுதினால் அதிகம் போகிறவர்கள் போய்விடுவார்கள் என்பதையும்.

"அதிகம் போறவங்கன்னா..." என்று இழுத்தாள் ரேடியோ.

அவள் சோற்றில் விரலால் கோடு கிழித்தாள்.

"நீ சொல்லாதே. உன் வாயால வரவும் வேணாம். முப்பது பொம்பளைங்க கூடிச் சாப்பிடுற இடத்துல ஒருத்தி சோத்துத் தட்டைப் பாத்து மூஞ்சியைத் திருப்பினா எங்களுக்குத் தெரியாதா? நாலு பெத்தவடி நான்."

நாத்தனார் ஓரத்தில் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தாள்.

ரேடியோ குரலை இறக்கினாள். "ஒண்ணு பண்ணு. அவ அஞ்சு தடவை போனா ரெண்டை அவ பேருக்கு எழுது. ஒண்ணை எனக்கு எழுது."

"எனக்கு ஒண்ணு" என்றாள் பதினொன்று.

"என் பேருக்கு ரெண்டுகூட எழுதிக்கோ" என்றாள் இருபது. "நான் ஒட்டகம். வீட்லயே எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் வேன்ல ஏறுறேன்."

"பொய் சொல்லாதடி ஒட்டகம், நேத்து உன் தட்டுல ரெண்டு உறை நின்னுச்சு, ஒண்ணுமேல ஒண்ணு!"

இந்த முறை சிரிப்பில் முள் இல்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். கடன் கொடுப்பார்கள், நகை கொடுப்பார்கள், கைமாற்றாக ஒரு படி அரிசி கொடுப்பார்கள். கழிப்பறைக்குப் போகும் முறையைக் கூடவா ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுப்பாள்? கொடுத்தார்கள். மறுபேச்சு இல்லாமல், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நோட்டு தானாக நிரம்பியது. நாத்தனார் எழுந்தால் அது ஒரு முறை ஆறின் பேரில், ஒரு முறை இருபத்தேழின் பேரில் ஏறியது. ஆளுக்கு இரண்டு. யாருக்கும் மூன்று இல்லை. வீட்டில் புருஷன் நோட்டைப் புரட்டி, "படிச்சவ எழுதின மாதிரி இருக்கே!" என்று சிரித்தான். நாத்தனார் இரண்டு வாய் முட்டை சாப்பிட்டாள். ஏழாம் நாள் மேடமும் வரிசைப் பக்கம் வந்து, நின்றவாக்கில் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை! ரெண்டுக்கு மேல யாருமே இல்லியே. ரொம்ப நல்லதாப் போச்சு மாத்து. ஒரு நாளைக்கு ரெண்டுன்னு விதியாவே எழுதிடலாம்னு அவர்கிட்ட சொல்றேன். வர்றவங்களுக்கும் காட்டலாம், எங்க ஆளுங்களுக்கு உரிமையா ரெண்டு தடவைன்னு."

அவள் தலையாட்டினாள். சந்தோஷமாகத்தான் தலையாட்டினாள். ஆனால் அந்த வார்த்தை எங்கேயோ உள்ளே ஒரு மரச் சிலாம்பு மாதிரி ஏறி நின்றது. எங்கே என்று தேடிப் பார்க்க நேரமில்லை. பதினெட்டில் உறை நிமிர்ந்திருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஆறாம் தட்டில் இரண்டு உறைகள், ஒன்றன்மேல் ஒன்று. ஓடினாள். ரேடியோ எழுந்து போனபோது ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் உட்கார்ந்தாள்.

நாற்காலி சுட்டது.

முப்பத்திரண்டு பேரின் சூட்டையும் அறிந்த உடம்பை ஏமாற்ற முடியாது. இது மனுஷி உட்கார்ந்த சூடு இல்லை. ஜுரத்தின் சூடு. அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அது அவளுடைய நாற்காலியில் இருந்தது. ஒயர் முனையைக் குழியில் அழுத்திக்கொண்டே யோசித்தாள். ரேடியோ எப்போது பாடுவதை நிறுத்தினாள்? நேற்றா, முந்தாநாளா?

ரேடியோ திரும்பி வந்து தோளைத் தட்டினாள். கை அனலாக இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. விதியை மீறி வாய் திறந்து கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா எரியுது. எந்திரி, போர்டு வருது."

"முதுகு வலிக்குதா?"

"எந்திரிடி. கேமரா பாக்குது."

"பாக்கட்டும். நீங்க முதல்ல கீழ நர்ஸ்கிட்ட போங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

ரேடியோ நின்றாள். பிறகு, சண்டை போடத் தெம்பில்லாதவளாய், போனாள். அன்று பொழுது சாயும்வரை அவள் ஆறாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மற்ற முப்பத்தொரு பேருக்கும் மாத்த ஆளில்லை. யாரும் உறை நிமிர்த்தவும் இல்லை.

வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் கதவருகே இருக்கும் தண்ணீர் அலமாரியைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற அலமாரிதான். முப்பத்திரண்டு இடம், முப்பத்திரண்டு பாட்டில். பதினொன்றாவதை எடுத்துப் பார்த்தாள். நிறைந்திருந்தது. இருபதாவது, மூடியே திறக்கவில்லை. ஏழு, பதினெட்டு, இருபத்தேழு. கழுத்து வரை தண்ணீர். பதினாலாவது மட்டும் காலி.

அப்போதுதான் உள்ளே ஏறின சிலாம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. எழுதிய கணக்குப் பொய்யில்லை என்று காட்ட, அவர்கள் நிஜமாகவே போகாமல் இருந்திருக்கிறார்கள். நாத்தனாருக்குக் கொடுத்த ஒவ்வொரு முறையையும் தங்கள் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு மேடம் இரண்டு என்று விதி போட்டால், இந்தப் பாட்டில்கள் என்றைக்கும் நிறைந்தேதான் இருக்கும். இந்தத் தண்ணீரை மூடி வைத்தது யார்? மேடமா, மேலே வந்த புது ஆளா? இரண்டு இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதியது அவள்தானே.

பாட்டில்களைத் திரும்ப வைக்கும்போது அவள் அழவில்லை. இவ்வளவு அன்பைத் தாங்கிக்கொள்ளத் தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றாள்.

ரேடியோவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் தன் புருஷனின் வேனிலேயே நேரே போனாள். ஊசி ஏறிக்கொண்டிருந்தது. சரியான நேரத்தில் வந்துவிட்டார், ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார் என்றாள் நர்ஸ்.

"நாற்காலியில உக்காந்தே கண்டுபிடிச்சியாமே" என்றாள் ரேடியோ, உதடு காய்ந்து. "டாக்டருக்குச் சொன்னா வேலையை விட்டுடுவான்."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"போடி. எட்டு வருஷமா நான் எந்திரிச்சப்பல்லாம் என் சீட்டைக் காத்தவ நீ. உங்க வீட்டுப் புள்ளைக்கு நான் ஒம்பது நாள் காக்கக் கூடாதா?"

மறுநாள் காலை, வரிசை தொடங்கும் முன்பே, அவள் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள். மேடம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் நீல நோட்டை மேசைமேல் வைத்தாள். மெலிந்திருந்தது. மேடம் திறந்து பார்த்தார்.

"பக்கமெல்லாம் எங்கே?"

"கிழிச்சுட்டேன் மேடம்."

"என்னடி விளையாடறே? நேத்துதான் அவர்கிட்ட சொன்னேன், அருமையான ரிகார்டு இருக்குன்னு."

"நான் எழுதினது பொய் மேடம். எழுதினது நான், வேற யாரும் இல்ல. ரெண்டு ரெண்டுன்னு நானா எழுதினேன்."

மேடம் அவளையே பார்த்தார். கோபம் வரப் பார்த்து, வராமல் நின்ற முகம். "சரி. போகட்டும். இன்னும் நாலு நாள் இருக்கு. உண்மையை எழுது."

"அதையும் எழுத மாட்டேன் மேடம்."

வெளியே பெல்ட் சோதனைக்காக ஒரு முறை ஓடி நின்றது.

"உண்மையை எழுதினா ஒருத்தி வேலை போகும். பொய்யை எழுதினா முப்பது பேரு உடம்பு போகும். எழுதினாலே அது அளவாயிடுது மேடம். அப்புறம் எல்லாரும் அந்த அளவுக்குள்ள உக்காரப் பாக்குறாங்க. ரேடியோக்கா எனக்கு வந்த அதே ஜுரத்தோட படுத்திருக்காங்க. நீங்க வந்து உக்காந்திருந்த அதே வார்டு."

மேடம் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். "பதினாலு உன் நாத்தனாருதானே?" என்றார்.

"ஆமாம் மேடம்."

"அதனாலயா?"

"அதனாலயும்தான்."

"எத்தனை மாசம்?"

"அதை நான் சொல்லக் கூடாது மேடம்" என்றாள், மிகவும் மெதுவாக.

"மாத்து வேலையை எடுத்துடுவாங்க. புரியுதா உனக்கு? நான் அடிச்சுக்கிட்டு வாங்கினது அது. மறுபடியும் டீ நேரம் வரட்டும்னு ஆயிடும். உன் நிரந்தரமும் போகும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நீங்க வாங்கினதுன்னு தெரியும் மேடம். போனா போகட்டும்னு சொல்ல எனக்கு மனசு வராது. கேக்குற அந்தப் புது ஆளை ஒரு நாள் என்கூட நடக்கச் சொல்லுங்க. வாங்குற கம்பெனிக்காரங்களையும் வரச் சொல்லுங்க. அந்தத் தண்ணி அலமாரியைத் தொட்டுப் பாக்கட்டும். எந்தச் சீட்டுல வேணா உக்காந்து பாக்கட்டும். நான் கூட நின்னு சொல்றேன். எழுத மட்டும் சொல்லாதீங்க."

மேடம் பேனாவை எடுத்து, நோட்டின்மேல் வைத்து, இரண்டையும் அவள் பக்கம் தள்ளினார். குரல் கட்டளையாக இல்லை, கெஞ்சலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"நாலே நாலு நாள்டி. எனக்காக. உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனவ கேக்குறேன்."

அவள் மேடத்தின் தோளைப் பார்த்தாள். வலது தோள். அன்று அவள் கன்னம் அதில்தான் கிடந்தது. அந்தச் சட்டையின் சோப்பு வாசனைகூட இன்னும் ஞாபகம் இருந்தது. அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும், விட்டுடாதே, விட்டுடாதே என்று இவர் சொல்லிக்கொண்டே இறங்கியது கேட்டது.

"அதனாலதான் மேடம்" என்றாள்.

பேனாவை எடுத்து, கசியாமல் மூடி போட்டு, மேடத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். நோட்டைத் தொடவில்லை.